வெளிநாட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால்...

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியில் நாம் எதை மறந்தாலும் மூன்றை மறப்பதில்லை. பருப்புப்பொடி, ஊறுகாய், மாத்திரை டப்பா. இன்சூரன்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இரண்டே வரியில் முடித்துவிடுவோம். "இன்சூரன்ஸ் இருக்குல்ல?" "இருக்கும்மா." அவ்வளவுதான். அந்த இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது, உடம்பு முடியாத நேரத்தில் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் பிள்ளைக்கே தெரியாது.

எங்களுக்கு ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், பாலாற்றங்கரை. மகா பெரியவர் மணிமண்டபம் இருக்கும் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். மாமனார் காலம் வரை எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்பதால், நெசவாளி சாமானியத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லமாட்டார். மாமனாரும் அப்படித்தான். முட்டி வீங்கினாலும், "ஒண்ணுமில்ல, தைலம் தேச்சா சரியாப்போயிடும்" என்பார்.

2005-06-ல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை. அதில் 7,500 ரூபாய், படுக்கையில் சேராமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் செலவுக்கு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் உண்டு. அந்த கார்டு கையில் இருந்தும் மாமனாரை டாக்டரிடம் அழைத்துப்போவது பெரும்பாடாக இருந்தது. "சும்மா பாப்பாங்களா? பின்னாடி பில்லு வரும்மா" என்பார்.

அதே வார்த்தையை அவருடைய பேத்தி ஜெர்மனியிலிருந்து சொன்னாள்.

மகள் 2024 அக்டோபரில் எம்.எஸ். படிக்க அங்கே போனாள். அந்த நாட்டு விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. அதற்கு மாதம் ஏறக்குறைய 130 யூரோ போனது. நம் பணத்தில் சுமார் 12,000 ரூபாய். "தண்டமா போகுதும்மா" என்று முதல் மாதமே புலம்பினாள்.

ஜனவரியில் இரண்டு நாட்களாக வீடியோ காலில் முகத்தைக் காட்டவில்லை. நெட் சரியில்லை என்றாள். மூன்றாம் நாள் குரலே மாறிப்போயிருந்தது. விடாமல் கேட்ட பிறகு, "வயிறு வலிக்குதும்மா, ஓமத்தண்ணி குடிச்சிருக்கேன்" என்றாள். டாக்டரிடம் போகவில்லையா என்றேன். "அமெரிக்காவுல ஒரு ஸ்டூடன்டுக்கு லட்சக்கணக்குல பில்லு வந்துச்சாம்மா. எனக்கும் பின்னாடி பில்லு வந்துச்சுன்னா?"

"மாசாமாசம் கட்டுறியே, அது எதுக்குடி?" என்று அதட்டினேன். பக்கத்து அறை கேரளப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவசரமில்லாத நேரத்தில் டாக்டரின் ஆலோசனைக்கு ஜெர்மனியில் 116117 என்ற எண். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அந்தப் பெண் 116117-ஐக் கூப்பிட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். குடல்வால் வீங்கியிருந்தது. அன்று இரவே ஆபரேஷன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பில் வந்தது 40 யூரோ. சுமார் 3,600 ரூபாய். அங்கே அரசுச் சட்டப்படி இயங்கும் காப்பீட்டில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ கட்ட வேண்டும். அதுவும் வருடத்துக்கு 28 நாளுக்கு மேல் கிடையாது. சீட்டு எழுதி வாங்கும் மருந்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ. சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்தால் கார்டைக் காட்டினால் போதும், பணமே இல்லை. மாதாமாதம் கட்டுவது இதற்குத்தான்.

இது நம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் காப்பீடு என்றால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால், தெருமுனை டாக்டருக்கான பீஸை நாம்தான் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு போகிற பிள்ளை, வலியைப் பார்ப்பதற்கு முன் யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்கிறது.

எல்லா நாடும் ஜெர்மனி இல்லை என்பதும் உண்மை. பிரிட்டனுக்குப் போகும் மாணவர்கள் விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டுகிறார்கள். பிறகு அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவை அவர்களுக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் படிப்புக் காலம் முழுமைக்கும் மாணவர் காப்பீடு கட்டாயம். ஆனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசுத் திட்டத்தில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஒன்டாரியோவில் இல்லை. அமெரிக்காவில்தான் அதிகக் கவனம் தேவை. அங்கே முதலில் ஒரு தொகை வரை நம் கையிலிருந்து கட்டி, அதற்கு மேல்தான் காப்பீடு தொடங்கும். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு பல மடங்கு. சாதாரணக் காய்ச்சலுக்கு எமர்ஜென்சிக்குப் போகாமல், பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போவது நல்லது.

இந்த நேரத்தில் எனக்குக் கணித மேதை ராமானுஜன் நினைவு வருகிறது. சிறுவயதில் கொஞ்ச காலம் எங்கள் காஞ்சிபுரத்திலும் படித்தவர். 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். உலகப்போர், குளிர், சரியான சைவ உணவு கிடைக்காத சிரமம். 1917-ல் படுத்தவர், அடுத்த இரண்டு வருடங்களில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரிகளிலும் சானடோரியங்களிலும் கழித்தார். 1911-லேயே இங்கிலாந்தில் காப்பீட்டுச் சட்டம் வந்திருந்தது, ஆனால் அது தொழிலாளர்களுக்கு. எல்லோருக்குமான அரசு மருத்துவச் சேவை தொடங்கியது 1948 ஜூலை 5-ல். 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்துபோனார். வயது 32. அன்றைக்கு அவருக்கு இல்லாத ஒன்று இன்று நம் பிள்ளைகளின் கையில் கார்டாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தப் பயப்படலாமா?

எங்கள் தெருவில் இப்போது யார் வீட்டுப் பிள்ளை வெளிநாடு கிளம்பினாலும் நான் கேட்கச் சொல்வது இவைதான்:

* காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது? விமானம் இறங்கும் நாளுக்கும் கல்லூரியில் சேரும் நாளுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அந்த நாட்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு வேண்டும்.

* வீசிங், தைராய்டு போல ஏற்கெனவே இருக்கும் தொந்தரவுக்குப் பணம் தருவார்களா, எப்போதிலிருந்து? மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

* பல், கண்ணாடி உண்டா? பல திட்டங்களில் இல்லை. சொத்தைப் பல்லை இங்கேயே அடைத்து, கூடுதலாக ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

* மனசு சரியில்லை என்றால் ஆலோசகரைப் பார்க்க வழி உண்டா? முதல் குளிர்காலத்தின் தனிமை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிது.

* எப்போது முடிகிறது? ஜெர்மனியில் மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். விடுமுறைக்கு இந்தியா வரும்போது அந்த ஊர் கார்டு இங்கே செல்லாது.

கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, அவசர எண்ணோடு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அதே ஊரில் இருக்கும் நண்பர் ஒருவரின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து அந்த பாலிசி பேப்பரைப் பிரியுங்கள். நமக்கு ஆங்கிலம் வராவிட்டால் நல்லதுதான். ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிட்டால், தனியாக வலியோடு விழித்திருக்கும் ராத்திரியில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கே ஞாபகம் வரும்.