சீல் என்ன பாவம் செய்தது?

கேரளத்து அம்பூரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2001 நவம்பரில் நடந்த நிலச்சரிவு ஞாபகம் வரும். லாரிக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஏற்றமும் சேறும்தான். வெள்ளறடையைத் தாண்டினால் ஒருபக்கம் நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம், மறுபக்கம் பத்துகாணி வழியே குமரி மாவட்டம். சுற்றிலும் ரப்பர். பால் வற்றிய மரங்களை வெட்டிப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். செம்மண் பாதையில் தோட்டத்துக்குள் இறங்கி, தடியை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முக்கி முனகி மேலேறும் லாரிகளை நம்பித்தான் இங்கே பட்டறைகள் பிழைக்கின்றன.

நான் போன பட்டறையில் அப்படியொரு லாரி நின்றது. கியர் பாக்ஸின் பின்புறம் கசிந்த ஆயிலை, சுழலும் ஜாயிண்ட் ஷாஃப்ட் நாலாபக்கமும் வீசியடித்திருந்தது. அதன்மேல் புழுதி படிந்து அடிப்பாகமே கறுத்துக் கட்டிப்போயிருந்தது. "சீலை மாத்தித் தந்தா போதும் ஆசானே, ராத்திரி லோடு இருக்கு" என்றார் டிரைவர். ஆசான் என்று அவர் அழைத்த மூத்த மெக்கானிக் பதில் சொல்லவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லிவிட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து அடியில் நுழைந்தார்.

ஆயிலை வடித்ததும் அவர் பார்த்தது வடிகால் போல்ட்டின் காந்த முனையை. சாம்பல் நிறப் பசைபோல இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக இருந்திருந்தால் சீலோடு வேலை முடிந்திருக்காது. ஜாயிண்டைக் கழற்றும் முன் இரண்டு பிளாஞ்சுகளிலும் பெயிண்டால் கோடு போட்டார். மாட்டும்போது கோடு மாறினால் வண்டி ஓடும்போது அதிரும். நடுநட்டைக் கழற்றி, புல்லர் போட்டு பிளாஞ்சை இழுத்ததும் தெரிந்தது அந்தச் சீல்: இரும்பு வளையம், உள்ளே கறுப்பு உதடு, உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங். விலை சில நூறு ரூபாய்.

சுற்றிலும் ரப்பர் மரங்கள் நிற்க, அந்த உதட்டில் மரத்து ரப்பர் கிடையாது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். அதனால் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்தான். அதற்கும் முன்னால் தோல். ஜெர்மனியில் வைன்ஹைம் நகரத்து ஃபிராய்டன்பெர்க் என்ற தோல் கம்பெனி 1929இல் தோல் உதடு வைத்த சீலைக் கொண்டுவந்தது. 1930களிலேயே செயற்கை ரப்பருக்கு மாறியும் விட்டது. தோல் பதனிட்டவர்கள் கியர் பாக்ஸுக்குள் நுழைந்த கதை அது.

கழற்றிய பிளாஞ்சைத் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் கீறினார் ஆசான். "இஞ்ச தடவிப் பாருங்க சாரே." நகம் ஒரு பள்ளத்தில் இடறியது. ஓடி ஓடி உதடு இரும்பிலேயே வளையம் போட்டிருந்தது. அதன்மேல் புதுச் சீலைப் போட்டாலும் ஆயில் அந்தப் பள்ளம் வழியே வரும். பிளாஞ்சை மாற்றலாம், மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். இரண்டும் முடியாவிட்டால் சீலைச் சற்று முன்பின்னாக உட்கார வைத்து உதட்டுக்கு வேறு இடம் கொடுக்கலாம். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், பேரிங்கில் ஆட்டமில்லை.

பிறகுதான் அசல் குற்றவாளி. கியர் பாக்ஸின் தலையில் இருக்கும் பிரீதரைக் கழற்றிச் சின்ன கம்பியால் குத்தினார். செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று வெளியேற உள்ள ஒரே வழி அதுதான். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலை உதட்டைத் தாண்டித் தள்ளும். "சீலு என்ன பாவம் செய்தது? எல்லாரும் அதத்தான் மாத்துறாவ" என்றார். பிறகு உதவியாளரிடம், "லேய் மக்கா, அந்தப் பைப்புத் துண்ட எடு."

சீலின் அளவுக்கு வெட்டிய பைப்பை வைத்து, ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க, சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்தார். உதட்டில் கியர் ஆயில் தடவத் தவறவில்லை. காய்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும். எனக்கு இந்தக் கட்டம்தான் பிடித்தது. சுத்தியலால் நேரே அடித்து ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, கம்பெனி சரக்கு மோசம் என்று திட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைசியாக லெவல் பிளக்கில் வழியும்வரை ஆயில் விட்டார். கூடுதலாக ஊற்றினாலும் கசிவுதான்.

லாரி வைத்திருப்பவர்களே, அடுத்தமுறை 'சீல் மாற்றியது' என்று பில் வந்தால், பணம் எடுக்கும் முன், மெக்கானிக் பிரீதரைக் கழற்றிப் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.