மூடிக்குள் இருந்த துரு

வெளிப் பளபளப்பைக் கண்டு திருப்தியடைவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்திற்கு நானும் விலக்கல்லன் என்பதை என் மோட்டார் வண்டியின் சக்கரங்கள் எனக்கு உணர்த்தின. அதனை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னிடம் இருப்பது மாரிஸ் மைனர் 1000 என்னும் வண்டி. 1948-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட மாரிஸ் மைனர், 1956-இல் பெரிய எஞ்சினோடு இப்பெயரையும் பெற்றது. ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளில் அடிக்கடி கண்ணிற்படும் வண்டி அது. என் தாத்தா வாங்கினார், தந்தை ஓட்டினார், பிறகு என் கைக்கு வந்தது. தாத்தாவும் கிராணி, தந்தையும் கிராணி, நானும் கிராணி. செக்ரோல் எழுதும் கை எண்ணெயைத் தொடலாகாது என்று எங்கள் வீட்டில் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. ஆகவே, ஞாயிறுதோறும் சக்கரத்தின் நடுவிலுள்ள குரோமிய மூடியை முகம் தெரியுமளவு துடைப்போம். அம்மூடிக்குள்ளே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் நான்கு நட்டுகளை எங்களில் எவரும் பார்த்ததில்லை. டயர் மாற்றுவதெல்லாம் பட்டறைக்காரர் வேலை. கடைசியாக ஒரு பட்டறையில் சக்கரங்களுக்குச் சாயம் அடித்தபோது, நட்டுகளைக் கழற்றாமலே துருவின்மேலும் சாயத்தை அடித்து மூடியைப் பொருத்திவிட்டார்கள். நானோ, புதிது போலிருக்கிறதென்று மகிழ்ந்து கூலி கொடுத்து வந்தேன்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மழை ஓயாத ஓர் இரவில், அன்னையாருக்கு இளைப்புக் கண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். செம்பனைக் காட்டின் நடுவே இடப்புறப் பின்சக்கரம் காற்றிழந்தது. கைப்பேசிக்கு அலை எட்டாத இடம். மூடியை நெம்பி எடுத்தேன். விளக்கொளியில் நான் கண்டவை நட்டுகள் அல்ல. துருவும் சாயமும் ஒன்றாய் இறுகிய நான்கு கட்டிகள். ஸ்பானரை மாட்டி முழுப் பலத்தோடும் மிதித்தேன். ஒன்று தளர்ந்தது, ஒன்றின் முனைகள் மழுங்கி ஸ்பானர் வழுக்கிற்று, மற்ற இரண்டும் அசையவேயில்லை. பின்னாசனத்தில் அன்னையார் மூச்சுக்குத் தவிக்கும் ஓசை மழையையும் மீறி எனக்குக் கேட்டது. கால் மணி நேரத்திற்குப் பின் பழம் ஏற்றும் லாரி ஒன்று வந்திராவிடில், இன்று இக்கட்டுரையை எழுத எனக்கு மனம் இருந்திராது. அன்னையார் பிழைத்தார்.

லாரியோட்டியவர் முன்னாளில் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்த முதியவர். அடுத்த ஞாயிறு என் வீட்டிற்கு வந்து சக்கரத்தைப் பார்த்தார். "கிராணி ஐயா, இத்தனை வருஷமும் மூடியை மட்டுந்தான் துடைத்தீர்களா?" என்றார். என்னிடம் பதிலில்லை.

துருவின் இரசாயனத்தை ஆங்கிலத்தில் படித்துத் தேறியவன் நான். இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடிப் பிறப்பது துரு. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆதலின் மரைகளின் இடுக்கில் ஆப்பைப்போல் இறுகும். பரீட்சைத் தாளில் இதை எழுதினேனேயன்றி, கொட்டகையில் நிற்கும் வண்டியோடு பொருத்திப் பார்த்தேனில்லை. பெரியவர் பரீட்சை எழுதாதவர். துருவை விரலால் அறிந்தவர்.

"இதற்குப் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும்" என்றார். சாயத்தைச் சுரண்டி, ஊடுருவும் மெல்லிய எண்ணெயை மரையில் விட்டு, சுத்தியலால் இலேசாகத் தட்டி, ஓர் இரவு விட்டுவைத்தோம். மறுநாள், சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மீண்டும் தளர்த்தினோம். ஜாக்கியில் தூக்கிய பின் பலங்கொடுத்தால் வண்டி சரியக்கூடும். எந்தப் பக்கம் திருகுவது என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். பழைய டாட்ஜ், கிரைஸ்லர் வண்டிகள் பலவற்றில் இடப்புறச் சக்கரங்களுக்கு எதிர்மரை உண்டு.

கழற்றிய பதினாறு நட்டுகளையும் ஓர் இரவு வினிகரில் ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஆப்பசோடா கலந்த நீரில் கழுவி, உடனே உலர்த்தினோம். முனை மழுங்கியவையும் மரை தேய்ந்தவையுமாக ஐந்தைப் பெரியவர் ஒதுக்கிவிட்டார். நான் மனமில்லாமல் பார்த்தேன். "துருவை நீக்கலாம், ஐயா, தின்றுபோன இரும்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது" என்றார். அவற்றுக்குப் பதில் புதியவை வாங்கினேன்.

பின்பு நட்டின் வெளிப்புறத்திற்கு மட்டும் துத்தநாகச் சாயம் பூசினோம். துத்தநாகம் இரும்புக்கு முன் தான் அரிபட்டு அதனைக் காக்கும். சக்கரத்தில் அமரும் கூம்பு முகத்தில் சாயம் படலாகாது. பட்டால் அது நாளடைவில் நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். மரையில் கிரீஸ் தாராளமாகத் தடவ நான் கையெடுத்தேன், பெரியவர் தடுத்துவிட்டார். வழுக்கும் மரையில் அதே பலத்தோடு இறுக்கினாலும் போல்டு அளவுக்கு மீறி இழுபட்டு நீளும் என்பதே காரணம். எதிரெதிராக இறுக்கி முடித்த பிறகு, வெளியே நீண்டிருக்கும் முனைகளில் மெழுகு தடவினோம். சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடியும் இறுக்கம் பார்த்தோம்.

இப்பொழுது ஆறு மாதத்திற்கொரு முறை நானே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். என் நகக்கண்களில் கறுப்பு ஏறியிருக்கிறது. அக்கையோடுதான் செக்ரோலும் எழுதுகிறேன். எழுத்து ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வண்டி வைத்திருக்கும் நேயர்களே! அடுத்த ஞாயிறு மூடியைத் துடைக்கும்முன் ஒரு முறை அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பதைப் பகலில் பார்ப்பது நல்லது. இரவில், மழையில், உயிரொன்று காத்திருக்கும்போது பார்க்க நேரக்கூடாது.