செறி இல்லாத பிளாக் ஃபொரஸ்ட்

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிளாக் ஃபொரஸ்ட் கேக்கில் முதலில் கண்ணில் படுவது மேலே இருக்கிற அந்தச் சிவப்புச் செறிதான். பிறந்தநாள் வீடுகளில் அதுக்காகவே சின்னப்பிள்ளைகள் அடிபடுவார்கள். வாயில் போட்டால் சீனிப்பாகும் கலரும்தான், பழத்தின் ருசி எண்டு ஒண்டும் இல்லை. இந்தியாவில் கேக்குக்குப் போடுகிற 'செறி' பலதும் செறியே இல்லை, கிளாக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சிவப்பு ஏற்றியது என்று வாசித்தபோது எங்களில் வவுனியாக்காரி சிரித்து விழுந்தாள். கிளா அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பற்றைக்குள் கையைக் கீறிக்கொண்டு பிடுங்கித் தின்ற பழம். "அதின்ர சொந்தக்காரனையோ காசு குடுத்து கேக்கில வைச்சுத் தின்னுறம்?" என்றாள்.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், திருநெல்வேலியில் ஒரே போடிங், ஒரே அறை. மன்னார், வவுனியா, காத்தான்குடி, ஹட்டன். பெயரைவிட ஊரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் கூட. அந்த வருடம் பரீட்சை நேரசூசி வந்தபோது மூன்று பேர் திகதிகளை எண்ணினோம், மன்னார்க்காரி மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. 27ஆம் திகதி ஒரு பேப்பர். நத்தாருக்கு ஊருக்குப் போய்வந்தால் படிக்க நாள் இல்லை.

அவள் வீட்டில் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து பிளாக் ஃபொரஸ்ட் கேக் வெட்டுவது வழக்கம். அவளது அப்பா தொடக்கிவைத்த வழக்கம் அது. அவர் போன பிறகும் அம்மா விடவில்லை, வருடா வருடம் ஓடர் குடுப்பா. "இந்த முறை நான் இல்லாட்டி அம்மா குடுக்கமாட்டா. தம்பிக்கு மட்டும் என்னத்துக்கு எண்டு விட்டிடுவா," என்று அவள் படுக்கப்போகும்போது சொன்னாள். லைற்றை அணைத்த பிறகு சொன்னதால் யாருக்கும் அவள் முகம் தெரியவில்லை. அடுத்த நாள் காலையில், பல்லுத்தீட்டும்போதே, நாங்களே செய்வோம் என்று முடிவாயிற்று.

முடிவெடுப்பது லேசு. எங்கட போடிங்கில் ஓவன் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கார அன்ரியுடையது, அதில் எங்களுக்குக் கிடைப்பது கதவில் ஒரு தட்டு. வவுனியாக்காரிக்குப் பிள்ளையார் கதை நடந்துகொண்டிருந்தது, முட்டை ஆகாது. அதோடு மன்னார்க்காரியின் சித்தி ஜெர்மனியிலிருந்து ஒரு நீண்ட வொய்ஸ் மெசேஜ் அனுப்பி விஷயத்தை இன்னும் சிக்கலாக்கினா.

சித்தி இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். இந்தக் கேக்குக்குப் பெயர் கொடுத்த கருங்காடு, ஷ்வார்ட்ஸ்வால்ட், அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. "பிள்ளை, இங்க போடுறது புளிச் செறி. அது புளிக்கோணும். இல்லாட்டி சொக்லேட்டும் கிறீமும் சேர்ந்து திகட்டிப்போடும். பிறகு கிர்ஷ்வாசர் விடோணும்." கிர்ஷ்வாசர் என்பது செறியைப் புளிக்கவைத்து வடிக்கிற, தண்ணீர் மாதிரி நிறமில்லாத மதுபானம். தேடிப் பார்த்தால், ஜெர்மனியில் அந்தப் பெயரில் ஒரு கேக்கை விற்பதென்றால் கிர்ஷ்வாசரின் ருசி அதில் தெளிவாகத் தெரியவேண்டும் என்று உணவு வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. கேக்கை யார் முதலில் செய்தது என்பதில்தான் அங்கேயே இழுபறி. யோசஃப் கெல்லர் என்ற கேக் செய்பவர் 1915இல் தான்தான் செய்ததாகச் சொன்னார். அவர் சொன்ன இடம் போட் கோடெஸ்பேர்க், கருங்காட்டிலிருந்து நல்ல தூரம். அந்தக் காட்டுப் பக்கத்துச் சில ஊர்களில் கலியாணமாகாத பெண்கள் சிவப்புக் கம்பளிப் பந்துகள் வைத்த வெள்ளைத் தொப்பி போடுவார்களாம், கலியாணமானால் பந்துகள் கறுப்பு. சித்தி படம் அனுப்பினா. பார்த்தால் கேக்குத்தான் தலையில் இருக்கிறது.

கிர்ஷ்வாசர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் காத்தான்குடிக்காரியைப் பார்த்தோம். "என்னப் பாக்காதீங்கடி. ஊத்தினா நான் திங்கமாட்டன், அவ்வளவுதான்," என்றாள். அவளுக்கு மட்டும் வேறாக ஒன்று செய்யலாமே என்ற யோசனையும் வந்தது. கம்பஸ் நிகழ்ச்சிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று வேறாக ஒரு பார்சல் வரும், எல்லாரும் தின்று முடிக்கிற நேரத்தில் வரும். அதை அவள் மூன்று வருடமாக வாங்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அறைக்குள்ளும் அது வேண்டாம். ஆக, சாராயம் இல்லை, ஜெலற்றின் இல்லை, முட்டை இல்லை, ஓவன் இல்லை.

செறியாவது உண்மையானதாக இருக்கட்டும் என்று ரவுணுக்குப் போய் ஒரு பெரிய கடையில் தேடினோம். தட்டில் கறுத்தச் செறி ரின் இருந்தது. மன்னார்க்காரி கையில் எடுத்துவிட்டாள். ஹட்டன்காரி விலையைப் பார்த்தாள்.

"எங்கம்மா ஒரு நாள் பூரா கொழுந்து பறிச்சா 1350. கிலோ கொறஞ்சா அரைப்பேரு. இந்த டின்னு அதவிடக் கூட."

கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரித்தான் சொன்னாள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வந்ததும், 1350 ஆனது 2024இல் என்பதும் எங்களுக்குத் தெரியும், அதைப்பற்றி அசைன்மென்ற் கூட எழுதியிருக்கிறோம். ஒரு ரின்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மன்னார்க்காரிதான் ரின்னைத் திருப்பித் தட்டில் வைத்தாள். வெளியில் வரும்வரை யாரும் கதைக்கவில்லை.

புளிப்பு வேணும், கறுப்பு வேணும், இங்கே கிடைக்க வேணும். திருநெல்வேலிச் சந்தை வாசலில் வைத்து வவுனியாக்காரிதான் கண்டுபிடித்தாள்: முந்திரிகைப்பழம்! (யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு இதுதான் பெயர். முதல் வருடத்தில் ஹட்டன்காரி கசுக்கொட்டை என்று நினைத்துக் கடைக்காரரோடு வாதாடிய கதை தனி.) மழைக்காலத்தில் வருகிற பழம் பெரிதாகச் சொல்லும்படி இருக்காது, சிலது தோல் வெடித்து நிற்கும், நல்ல புளி. தோட்டக்காரருக்குக் குறை, எங்களுக்கு அதுதான் தேவை. அரைக் கிலோ வாங்கினோம்.

24ஆம் திகதி பின்னேரம் தொடங்கினோம். பழங்களை இரண்டாக வெட்டிக் கொட்டை எடுப்பதுதான் பெரிய வேலை, ஒரு மணித்தியாலம் போனது. ஒருத்தி மொழியியல் நோட்ஸை வாசிக்க மற்றவர்கள் கொட்டை எடுத்தோம். பழத்தோடு நாலு மேசைக்கரண்டி சீனியும் ஒரு துண்டு கறுவாவும் இரண்டு கப் தண்ணீரும் சேர்த்து, தோலின் நிறம் முழுக்க இறங்கும்வரை கொதிக்கவைத்தோம். குசினி முழுக்க வாசம். அன்ரி இரண்டு தரம் எட்டிப் பார்த்தா.

கேக்குக்கு ஒன்றரைக் கப் கோதுமை மா, ஒரு கப் சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, கொஞ்சம் உப்பு. இதற்குள் ஒரு கப் தண்ணீர், மூன்றிலொரு கப் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. முட்டை செய்கிற வேலையைச் சோடாவும் வினாகிரியும் செய்துவிடும். ஆனால் கலந்தவுடன் அடுப்பில் ஏற்ற வேணும், நின்று கதைத்தால் பொங்கினது அடங்கிப்போகும். அன்ரியின் பெரிய இட்லிச் சட்டியில், மூடிக்குத் துணி கட்டி, நாற்பது நிமிடம் அவித்தோம். துணி இல்லாவிட்டால் மூடியில் வேர்க்கிற தண்ணீர் கேக்கில் சொட்டும். பிட்டும் இடியப்பமும் அவித்த கைகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மிச்சம் முழுக்கக் காத்தான்குடிக்காரியின் ஆட்சி. நோன்பு காலத்தில் அவர்கள் வீட்டில் செய்கிற கடப்பாசி. கடலில் விளைகிற பாசியிலிருந்து எடுப்பதால் ஜெலற்றின் மாதிரி எது என்ன மிருகம் என்று விசாரிக்கத் தேவையில்லை. அதைவிடப் பெரிய நன்மை, அது நாற்பது பாகைக்குக் கிட்டக் குறையும்போதே உறையத் தொடங்கும், உறைந்த பிறகு எண்பது பாகை தாண்டும்வரை உருகாது. அதாவது பிரிட்ஜ் வேண்டாம், பஸ்சிலும் கொண்டுபோகலாம். ஐந்து கிராமைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி, முந்திரிகைப் பாகோடு கலந்தாள். தேசிப்புளியை அடுப்பால் இறக்கின பிறகுதான் விட்டாள். புளியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கடப்பாசியின் பிடி போய்விடுமாம். இன்னொரு ஐந்து கிராமைத் தேங்காய் முதற்பாலோடும் ரின்பாலோடும் சேர்த்து வெள்ளையாக.

இங்கேதான் சண்டை வந்தது. கிறீம் இல்லாமல் எப்படிப் பிளாக் ஃபொரஸ்ட் என்று மன்னார்க்காரி. செறியே இல்லை, இப்பதான் கிறீமைப் பற்றிக் கதைக்கிறாய் என்று வவுனியாக்காரி. தேங்காய்ப்பால் கிறீமுக்கு ஈடாகாது என்பதில் மன்னார்க்காரி சொன்னது சரிதான், கிறீமின் காற்று அதில் இல்லை. ஆனால் அந்தப் புளிக்குப் பக்கத்தில் அது நல்லாக இருந்தது. எங்களைக் கேட்டால் கேக்கின் சூட்சுமம் சித்தி சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. கசப்பும் கொழுப்பும் இனிப்பும் மட்டும் அடுக்கினால் இரண்டு கரண்டியோடு போதும். நடுவில் புளி வந்தால் மூன்றாவது கரண்டிக்குக் கை தானாகப் போகும். எங்கட ஊர் பேக்கரிகள் விட்டுவிட்டது செறியை அல்ல, புளிப்பை.

கண்ணாடிக் கோப்பை இல்லாததால் கழுவி வைத்திருந்த ஜாம் போத்தல்களில் அடுக்கினோம். உதிர்த்த கேக், கருநீலப் பாகு, வெள்ளை, திரும்பவும் கேக். ஒவ்வொரு தட்டும் மேலே இலேசாக உறைந்த பிறகுதான் அடுத்தது. முழுக்க உறையவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது, வழுக்கிப் பிரியும். கடைசியில் மேலே சொக்லேட் துருவல். எட்டுப் போத்தல் வந்தது. தேங்காயையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த ஒரு ரின்னின் விலைக்குக் கீழே.

எங்கட கேற் ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். அன்று அன்ரி பூட்டவில்லை. நாலு பேரும் பெரியகோயிலுக்குப் போனோம், மூன்று பேர் பின்வரிசையில் எப்ப எழும்புவது எப்ப இருப்பது என்று பக்கத்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். வந்தபோது அன்ரி முழித்திருந்தா. அவவுக்கு ஒரு போத்தல். "அவிச்ச கேக்கோ?" என்று கேட்டுவிட்டு அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டா.

27ஆம் திகதி பேப்பர் முடிந்த கையோடு மன்னார்க்காரி இரண்டு போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் நினைத்தபடிதான் ஆயிற்று, அம்மா இந்த முறை கேக்குக்குச் சொல்லவில்லை. ஒரு போத்தலை மூன்று பேருமாகச் சாப்பிட்டார்களாம். மற்றதை அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாவாம். பின்னேரம் போய்ப் பார்த்தால் போத்தல் வெறுமையாக இருந்ததாம், தம்பியின் வாயோரத்தில் கருநீலம்.