பாட்டை நிறுத்தினா ஒரு பாயிண்ட்தான் போகும்

முன் டிஸ்கி: இது விளையாட்டுப் பதிவு. அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவங்களும் தாராளமா உள்ள வரலாம். கபடி தெரிஞ்சாப் போதும். கொஞ்சம் நீளம், காபி டம்ளரோட உக்காருங்க. ஏற்காட்டுக் காபின்னா இன்னும் விசேஷம் :)

"ஓடுற குவார்ட்டர்பேக்குக்கு ஆயுசு கம்மி." அமெரிக்க ஃபுட்பால் பாக்குறவங்க எல்லாருக்கும் மனப்பாடமான வசனம் இது. நம்ம ஊர் கபடித் திடல்ல போய் நின்னீங்கன்னா இதையே வேற மாதிரி சொல்லுவாங்க: "ரைடரோட முட்டி ரொம்ப நாள் தாங்காதுப்பா." ரெண்டும் முழுசா உண்மையான்னு பாக்கத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்க ஃபுட்பால்ல ஒரு அணிக்கு 11 பேர். ஒவ்வொரு முறையும் பந்து முதல்ல போறது குவார்ட்டர்பேக் கைக்கு. அவருக்கு முன்னாடி அஞ்சு மலை மாதிரி ஆளுங்க சுவராட்டம் நிப்பாங்க. அந்தச் சுவருக்குப் பின்னாடி நின்னு தூரத்துல ஓடுற தன் ஆளுக்குப் பந்தை எறியணும். இதுதான் அவரோட வேலை. சில பேர் எறியாம, சுவர்ல கிடைக்கிற இடுக்கு வழியாப் பந்தோட தானே ஓடிடுவாங்க. எதிர்ல 11 பேர், ஒவ்வொருத்தரும் நூறு கிலோவுக்குக் கூடவோ குறையவோ. அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்குற ஆள் இப்படித் தானாப் போய் மோதலாமாங்கறதுதான் அங்க பல வருஷமா நடக்குற பட்டிமன்றம்.

இந்தப் பட்டிமன்றத்துல அடிக்கடி வர்ற பேர் பால்டிமோர் ரேவன்ஸ் அணியோட லமார் ஜாக்சன். 2019 சீசன்ல 1,206 கெஜம் ஓடி, குவார்ட்டர்பேக்குகள்லயே ஒரு சீசன்ல அதிகம் ஓடினவர்ங்கிற சாதனையைப் பண்ணினார். அவ்வளவு ஓடியும் அந்த வருஷம் அடிபட்டு உக்காரலை. கடைசி மேட்ச்ல ஆடாதது கூட, அணி ஏற்கெனவே முதலிடத்தை உறுதி பண்ணிட்டதால குடுத்த ஓய்வு.

அவர் சீசனைப் பாதியில விட்டது 2021லயும் 2022லயும். 2021 டிசம்பர்ல பந்தை எறியறப்ப ஒருத்தர் கால்ல வந்து விழுந்து கணுக்கால் போச்சு. 2022 டிசம்பர்ல எறிய இடம் தேடிக்கிட்டிருந்தப்ப பிடிபட்டு விழுந்து முட்டி போச்சு. ரெண்டுமே இடுக்குல புகுந்து ஓடுனதால வந்த அடி இல்லை!

ஓடவே ஓடாத ஆளுங்களையும் பாருங்க. டாம் பிரேடி 2008 சீசனோட முதல் மேட்ச்லயே, சுவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தப்ப முட்டியில அடிபட்டு அந்த வருஷம் பூரா வீட்ல. ஜோ பர்ரோ 2020 நவம்பர்ல அதே மாதிரி நின்ன இடத்துல முட்டியைக் குடுத்தார். ஆரன் ராட்ஜர்ஸ் 2023 செப்டம்பர்ல புது அணிக்கு வந்து, நாலாவது பந்துல குதிகால் நரம்பு அறுந்து உக்காந்தார். நாலே பந்து!

காரணம் ரொம்ப எளிமை. ஓடுறவனுக்கு எதிர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரிவான். உடம்பு தயாரா இருக்கும், கால் தரையில ஊனி நிக்காது. நின்னு எறியறவனோட பார்வை நாப்பது கெஜம் தள்ளி இருக்கும், கால் மண்ணுல ஊனியிருக்கும், அடி பக்கத்துல இருந்து வரும். ஊனின கால் மேல வேற ஒருத்தர் எடை விழுந்தா முட்டி திரும்பத்தான் செய்யும். இது ஃபிசிக்ஸ், வீரம் எல்லாம் இல்லை.

"அப்ப ஓடுறது பத்திரமான வேலையா?"ன்னு கேப்பீங்க. அதுவும் இல்லை. வாஷிங்டன் அணியில ராபர்ட் கிரிஃபின்னு ஒருத்தர், 2012ல புயல் மாதிரி வந்தார். அந்த வருஷத்தோட தாக்குதல் ஆட்டத்துல சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். டிசம்பர்ல ஓடும்போது முட்டியில அடி. அதோடயே ஆடினார். 2013 ஜனவரி 6, நாக்-அவுட் மேட்ச். நொண்டிக்கிட்டே ஆடினார், யாரும் வெளியே கூப்பிடலை. கடைசியில தரையில உருண்ட பந்தை எடுக்கக் குனிஞ்சப்ப முட்டி மொத்தமா மடங்கிடுச்சு. யாரும் இடிக்கக்கூட இல்லை. அதுக்கப்புறம் பழைய கிரிஃபினை யாரும் பாக்கலை.

இன்னொருத்தர் அப்ப மயாமி அணியில ஆடின டுவா டகோவைலோவா. 2024 செப்டம்பர் 12 அன்னிக்குப் பந்தோட ஓடினார். சறுக்கி உக்காந்திருக்கலாம். உக்காராமத் தலையைக் குனிஞ்சு மோதினார். தலையில அடி, அதுவும் முதல் தடவை இல்லை.

அந்த "சறுக்கி உக்கார்றது"தான் இந்தப் பதிவுல எனக்கு முக்கியம். குவார்ட்டர்பேக் ஓடும்போது காலை முன்னாடி நீட்டிச் சறுக்கிட்டார்னா, "நான் போதும்னு நிறுத்திட்டேன்"னு அர்த்தம். ஆட்டம் அங்கேயே நின்னுடும். அதுக்கு மேல இடிச்சா எதிரணிக்கு 15 கெஜம் தண்டனை. 2018ல இருந்து தலை முன்னாடி போற மாதிரி பாஞ்சு விழுந்தாலும் அதே கணக்குதான். பிரேடிக்கு முட்டி போன மறு வருஷமே, கீழ விழுந்து கிடக்குறவன் அங்கிருந்து குவார்ட்டர்பேக்கோட கால்ல பாயக்கூடாதுன்னு விதியை இறுக்கிட்டாங்க. விலை உயர்ந்த முட்டி ஒண்ணு போனாச் சட்டம் எவ்வளவு வேகமா வருது பாருங்க!

சரி, இப்ப நம்ம கபடிக்கு வருவோம்.

ரைடர்னா யாரு? ஏழு பேர் நிக்கிற கோட்டைக்குள்ள தனியாப் போறவன். ஓடுற குவார்ட்டர்பேக்குக்கு ஹெல்மெட்டும் கவசமும் எடுத்துட்டு, முன்னாடி நிக்கிற சுவரையும் எடுத்துட்டா அதுதான் ரைடர். 30 செகண்ட்ல யாரையாவது தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பணும். பிடிபட்டாலும் ஒரு விரல் கோட்டைத் தாண்டினாப் போதும். ஆபத்து அங்கதான் இருக்கு. பின்னாடி ஒருத்தன் கணுக்காலைப் பிடிச்சிருப்பான், ரெண்டு பேர் முதுகு மேல இருப்பாங்க, இவன் உடம்பு மட்டும் முன்னாடி நீளும். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நடுவுல மாட்டுறது முட்டி.

ஆனா ரைடருக்கு மட்டும்தான் அடின்னும் சொல்ல முடியாது. 2022 புரோ கபடி ஏலத்துல தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தாங்க. அது வரைக்கும் அவ்வளவு விலைக்கு யாரும் போனதில்லை. நாட்டிலேயே நம்பர் ஒன் ரைடர். முதல் மேட்ச்லயே முட்டியில அடி, ஸ்ட்ரெச்சர், சீசன் முடிஞ்சுது. அடிபட்டது ரைடு போகும்போது இல்லைங்க. குஜராத் ரைடரைப் பிடிக்கப் போனப்ப! லமார் கதையேதான்.

பவனுக்கு நல்ல சிகிச்சை கிடைச்சது, ஓய்வு கிடைச்சது. 2023ல ஹாங்சௌ ஆசிய விளையாட்டுல கேப்டனா இருந்து தங்கம் வாங்கிட்டு வந்தார். அதே வருஷ ஏலத்துல தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தாங்க. முட்டி போன ஆளுக்குப் போன தடவையை விட அதிக விலை. லமார் மட்டும் என்ன, 2023 ஏப்ரல்ல அஞ்சு வருஷத்துக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதுல 18.5 கோடி டாலர் உத்தரவாதம். அன்னிக்கு மதிப்புல நம்ம காசுக்கு 1,500 கோடி. நாளைக்கே கால் போனாலும் அந்தக் காசு வரும். அதனால அவர் ஓடலாம், நல்லா ஓடட்டும்.

இனி நம்ம மலைக்கு வாங்க.

ஏற்காட்டுல இருந்து சேர்வராயன் மலைக்குள்ள போற ரோட்டுல பல கிராமங்கள்ல பொங்கல் சமயம் கபடி நடக்கும். போன பொங்கலுக்கு மறுநாள் அப்படி ஒரு போட்டியைப் போய்ப் பாத்தேன். சரிவை வெட்டிச் சமப்படுத்தின செம்மண் திடல். ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்கள், இன்னொரு பக்கம் காபித் தோட்டத்து வேலி. கோட்டுக்கு ரெண்டடி தள்ளிக் கல்லு நீட்டிக்கிட்டு இருக்கு. மைக்ல வர்ணனை பட்டையைக் கிளப்புது.

உள்ளூர் டீம்ல ஒரு ரைடர் பையன், இருபத்து மூணு இருபத்து நாலு வயசு இருக்கும். ரைடு போனவனைக் கார்னர்ல நின்னவன் கணுக்கால்ல பிடிச்சான். மூணு பேர் மேல விழுந்தாங்க. கீழ இருந்து "கபடி கபடி கபடி" மட்டும் நிக்காம வருது. இழுத்துக்கிட்டே போய்க் கோட்டைத் தொட்டான். மூணு பாயிண்ட்! விசில் காதைக் கிழிக்குது. எழுந்தவன் இடது காலை ஊன முடியாம நொண்டினான். யாரோ ஸ்ப்ரே அடிச்சாங்க. அடுத்த ரைடும் அவனே போனான்.

மேட்ச் முடிஞ்சதும் பக்கத்துல போய்ப் பேசினேன்.

"கால் எப்படி இருக்கு தம்பி?"

"வீங்குதுங்ண்ணா. காலையில சரியாயிடும்."

"மூணு பேர் மேல விழுந்தாங்களே, பாட்டை நிறுத்திருக்கலாம்ல?"

"நிறுத்தினா ஒரு பாயிண்ட் போயிடும்ங்ண்ணா. ஊர்ல சிரிப்பாங்க."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மிளகு பறிக்கிறதுங்ண்ணா. நாளன்னிக்கு ஏணி ஏறணும்."

மிளகுக்கொடி ஏறியிருக்கிறது அந்த சில்வர் ஓக் மரத்துல. ஒசரமா ஏணி போட்டு, ஒரு கால்ல எடையைக் குடுத்து எட்டிப் பறிக்கணும். பொங்கல் சமயம்தான் காபி, மிளகு எல்லாத்துக்கும் அறுவடை. வருஷத்துல நல்ல கூலி கிடைக்கிற நேரத்துல முட்டி போனா? ஏசிஎல் தசைநார் அறுந்தா எக்ஸ்-ரேயில தெரியாது, எம்ஆர்ஐ எடுக்கணும். அதுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 30 கிலோமீட்டர் தள்ளி சேலம் போகணும். ஆபரேஷன் பண்ணினாலும் பழையபடி ஆட ஒன்பது மாசம், ஒரு வருஷம். ஆபரேஷன் செலவை அரசுக் காப்பீடு ஏத்துக்கிட்டாலும் அந்த ஒன்பது மாசக் கூலியை யார் குடுப்பா?

இது முட்டியோட நிக்கிற விஷயமும் இல்லை. 2022 ஜூலையில கடலூர் மாவட்டத்துல ஒரு போட்டியில, சேலத்துல படிச்சுக்கிட்டிருந்த ஒரு இளைஞர் ரைடு போய்ப் பிடிபட்டு விழுந்தார். திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அந்த வீடியோவைப் பாத்தவங்க நிறைய பேர் இருப்பீங்க. பாக்காதவங்க தேட வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ஃபுட்பால்ல சறுக்கல் மாதிரி, கபடியில ஏற்கெனவே ஒரு வழி இருக்கு. பாட்டை நிறுத்துறது! "கபடி கபடி" நின்னா ரைடர் அவுட். ஆட்டம் அங்க முடிஞ்சுது, பிடியை விட்டாகணும். நம்ம முன்னோர் மூச்சையே பிரேக்கா வெச்சிருக்காங்க. ஆனா அங்க குவார்ட்டர்பேக் சறுக்கினா "புத்திசாலி"ன்னு கமென்ட்ரியில பாராட்டுறாங்க. இங்க பாட்டை நிறுத்தினா சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பையன் முட்டியைக் குடுக்குறான்.

அதனால போட்டி நடத்துற இளைஞர் மன்றங்களுக்கு என்னோட நாலு வேண்டுகோள். கோடிக்கணக்குல எதுவும் கேக்கலை.

ஒண்ணு, பாட்டு நின்ன அந்த நொடியே நடுவர் விசில் ஊதணும். அதுக்கப்புறமும் அமுக்குறவனுக்கு எதிரா ஒரு பாயிண்ட்.

ரெண்டு, நொண்டுறவனை நடுவரே வெளியே உக்கார வைக்கணும். முடிவை அவன் கையில விடக்கூடாது. இருபது வயசுல எவனும் "எனக்கு வலிக்குது"ன்னு சொல்ல மாட்டான். கிரிஃபினே வெளியே போறேன்னு சொல்லலை.

மூணு, முட்டியில "டப்"னு சத்தம் கேட்டோ, ரெண்டு மூணு மணி நேரத்துல வீங்கினாலோ எண்ணெய் போட்டு நீவக்கூடாது. அசையாம வெச்சு, ஐஸ் ஒத்தடம் குடுத்து, 108ஐக் கூப்பிடணும்.

நாலு, பரிசுப் பணத்துல பத்துல ஒரு பங்கை அடிபட்டவனுக்குன்னு தனியா எடுத்து வைக்கணும். யாருக்கும் அடிபடலைன்னா அடுத்த வருஷத்துக்கு ஆச்சு. லமாருக்கு 18.5 கோடி டாலர் உத்தரவாதம். நம்ம பையனுக்கு ரெண்டு மாசக் கூலியாவது உத்தரவாதமா இருக்கட்டுமே.

உங்க ஊர்ல கபடிப் போட்டி நடத்துறாங்கன்னா, உங்க சித்தப்பாவோ மாமாவோதான் கமிட்டியில இருப்பாரு. அவர்கிட்ட இந்த நாலையும் சொல்லிப் பாருங்க. அவர் என்ன பதில் சொன்னார்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. திட்டினார்னாலும் சொல்லுங்க :)

பின் டிஸ்கி: "கில்லி வேலு பாட்டை நிறுத்துவாரா?"ன்னு கேக்கப் போற நண்பருக்கு... அவருக்கு டூப் உண்டுங்க.