உங்கள் சென்ட் ஐட்டம்ஸைக் கொஞ்சம் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேற்றத்தை இரண்டு பீரியட் இழுத்தவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

தை மாதம் என் தம்பி காலமானது உங்களில் பலருக்குத் தெரியும். நேரில் வந்தவர்களுக்கும் போனில் பேசியவர்களுக்கும் நன்றி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, அப்பா மஸ்கட்ல இருந்தப்ப உங்களுக்குப் பெரிசு பெரிசா மெயில் எழுதுவாராமே. அம்மா சொன்னாங்க. அதெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"பழைய கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

பொய். அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். 2006இல் நானேதான் அழித்தேன்.

பெரம்பலூரில் பணியில் இருந்தபோது, 2004இல், அரியலூர் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்பி. டயல்-அப் இணைப்பு. மோடம் கீச்சிட்டுக்கொண்டே இணையும், இணைப்பு இருக்கும் வரை வீட்டுப் போனில் யாரும் பேச முடியாது. நிமிடக் கணக்கில் பில் ஏறும் என்பதால் இணையத்தில் உட்கார்ந்து நிதானமாக மெயில் படிக்க முடியாது. அதற்குத்தான் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இணை, கடிதங்களை இறக்கு, இணைப்பைத் துண்டி, பிறகு காபி குடித்துக்கொண்டு படி. பதிலையும் துண்டித்த பிறகே எழுதி வைத்து, அடுத்த முறை இணையும்போது அனுப்பிவிடலாம்.

இதில் ஒரு விஷயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கணக்கு பாப் 3 முறையில் இருந்தது. கடிதத்தை நம் கம்ப்யூட்டருக்கு இறக்கியதும் சர்வரிலிருந்து அது நீங்கிவிடும். சர்வரில் ஒரு நகல் இருக்கட்டும் என்று சொல்ல அமைப்புகளுக்குள் ஒரு கட்டம் உண்டு. நாமாகத் தேடிப்போய் டிக் போட வேண்டும். நான் போடவில்லை. அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருகிறேன் என்று வந்தபோது ஹாட்மெயில் கொடுத்துக்கொண்டிருந்தது 2 எம்பி. ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். பெட்டி அவ்வளவு சின்னதாக இருந்தால் இறக்கி எடுத்துவிட்டுக் காலி செய்வதுதானே வழக்கம்? ஆக, தம்பி எழுதியதற்கு இந்த உலகத்தில் என் பக்கம் இருந்த ஒரே பிரதி என் மேஜைக்கடியில் இருந்தது.

நன்றாக எழுதுவான். முதலில் ஆங்கில எழுத்தில் தமிழ். பிறகு திஸ்கி எழுத்துரு ஒன்றைப் போட்டுக்கொண்டு தமிழிலேயே எழுத ஆரம்பித்தான். அரியலூர் 2001 ஜனவரியில் தனி மாவட்டமானது, அடுத்த ஆண்டு மார்ச் 31இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு கடிதத்தில், "அண்ணே, நம்ம ஊரு ரீசைக்கிள் பின்ல கெடக்கு. இன்னும் எம்ப்டி பண்ணல. எவனாவது ஒருநாள் ரீஸ்டோர் அமுக்குவான் பாருங்க" என்று எழுதியிருந்தான். படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். 2007 நவம்பர் 23இல் அரியலூர் மறுபடி மாவட்டமானபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த வரிதான். அவனுக்கு எழுதவில்லை. அப்போது எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

காரணம் நிலம். வேறென்ன? செந்துறைப் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் முந்திரிக் கொல்லை. விற்றுவிடலாம், என் பங்கைக் கொடுங்கள் என்றான். நான் மாட்டேன் என்றேன். அவன் விளக்கி எழுத, நான் பதில் எழுத, அவன் எழுத, நான் எழுத. கரும்பலகையில் நிறுவுவது போல ஒவ்வொரு வரியாக எடுத்து அவன் சொல்வது தவறு என்று நிறுவினேன். கடைசியாக, அப்பா வியர்வை சிந்திச் சேர்த்ததை விற்றுத் தின்ன உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டு ஒன்று அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து பதில் இறங்கியது. திறக்கவே இல்லை. அவன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தேன். டெலீட்டட் ஐட்டம்ஸுக்குப் போய் அதையும் காலி செய்தேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றேன்.

2009இல் அம்மா படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் சேர்ந்து டீ குடித்தோம். அதோடு சண்டை முடிந்தது. கொல்லையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

காரியம் முடிந்த அடுத்த வாரம் பரணிலிருந்து அந்த சிபியூவை இறக்கினேன். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது மூட்டை கட்டி ஏற்றியது. துணிப்பையில் வைத்து மடியில் சுமந்துகொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். அங்கே பழைய பேருந்து நிலையம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற நம் மாணவனை உங்களில் சிலருக்குத் தெரியும். பெயரைப் போடாதீங்க சார், கூட்டம் தாங்காது என்கிறான். பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கியவன். அன்று எனக்குப் பாடம் நடத்தினான்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினான். அதை நேரடியாகத் தொடவில்லை. முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில்தான் தேடினான். "ஒரிஜினல்ல எதையாவது எழுதிட்டா இருக்கிற கொஞ்சநஞ்சமும் போயிடும் சார்."

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு கோப்புறையும் டிபிஎக்ஸ் என்று முடியும் ஒரு கோப்பு. இன்பாக்ஸுக்கு ஒன்று, டெலீட்டட் ஐட்டம்ஸுக்கு ஒன்று. கடிதத்தை நீக்கினால் அது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறது. அங்கேயும் காலி செய்தால், பட்டியலிலிருந்து பெயர் போய்விடுகிறது. ஆனால் எழுத்துகள் கோப்புக்குள் கிடக்கின்றன, 'இந்த இடம் காலி' என்ற குறிப்போடு. நம் வருகைப் பதிவேட்டில் ஒரு பையனுக்குச் சிவப்பு மையால் பெயர் நீக்கம் போடுவோமே, அதுபோல. பையன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். புதிதாக ஒருவன் சேர்க்கை வாங்கி வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை இருப்பான். இல்லையென்றால் 'கம்பாக்ட்' என்ற கட்டளை வந்து காலி இடங்களையெல்லாம் நெருக்கி மூடும் வரை.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த மென்பொருளை மூடுவதை அதுவே எண்ணிக்கொண்டிருக்குமாம். நூறு முறை ஆனதும், கோப்புகளைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தட்டுமா, சில நிமிடங்கள் ஆகலாம் என்று கேட்கும். எனக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கிறது. ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று ஒவ்வொரு முறையும் கேன்சல் அடித்தேன். வாழ்க்கையில் என் அவசரபுத்தி நல்லது செய்த இடம் இது ஒன்றுதான்.

ஆனாலும் பிறகு சில ஆண்டுகள் அதிலேயே மெயில் பார்த்திருக்கிறேன். வந்த சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் பொங்கல் வாழ்த்துகளும் பெரும்பாலான பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டன. தேடும் நிரலை ஓடவிட்டதில் கிடைத்தவை துண்டுகள். இரண்டு வரி, அரை வரி, நடுவில் யாரோ அனுப்பிய அரசாணையின் பத்தி.

"இவ்வளவுதானா தம்பி?" என்றேன்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "சார், நீங்க அவருக்குப் பதில் போட்டிருப்பீங்கல்ல? சென்ட் ஐட்டம்ஸ் பாக்கலாமா?"

அதை நான் அழிக்கவே இல்லை. அழிக்கத் தோன்றவில்லை. அவன் எழுதியதைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லையே தவிர நான் எழுதியதில் எனக்கு என்ன குறை? அப்படியே முழுசாக இருந்தது. பதில் எழுதும்போது வந்த கடிதத்தையும் கீழே சேர்த்து அனுப்புவது அந்த மென்பொருளின் இயல்பான அமைப்பு. நான் அதை மாற்றியதில்லை. ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் தம்பி முழுசாக இருந்தான். பதினேழு கடிதங்கள். திஸ்கியில் எழுதியவை கோழி கிளறியதுபோலத் தெரிந்தன. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொடுத்தான். ரீசைக்கிள் பின் கடிதமும் இருந்தது. கடைக்காரப் பையனுக்கு எதிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் டீ சொல்லப் போவதுபோல வெளியே போய்விட்டான்.

பென் டிரைவோடு திரும்பும்போது பஸ்ஸில்தான் யோசனை வந்தது. பதினேழில் ஆறு, நிலத்தகராறு. அவன் எழுதியது வேண்டுமென்றால் அதற்கு மேலே நான் எழுதியதும் வரும். வெட்டிவிடலாம். வெட்டுவது சுலபம்; தேர்ந்தெடு, நீக்கு. அப்பா எழுதியதைத்தானே கேட்டாள், பெரியப்பா எழுதியதையா கேட்டாள்?

நான்கு நாள் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடினேன். ஒருமுறை என் பகுதிகளை வெட்டியும் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லாமல் அவனுடைய கெஞ்சல் மட்டும் தனியாக நின்றது, யாரிடம் எதற்காக இவ்வளவு இறங்கிப் பேசுகிறான் என்றே புரியாமல். அதை மகள் படித்தால் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பாள்? என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லவரா தெரியணும்னா அனுப்பாதீங்க. அவருதான் வேணும்னா முழுசா அனுப்புங்க" என்றாள். முழுசாக அனுப்பினேன்.

இந்தக் குளறுபடிக்குப் பிறகு என் லேப்டாப்பில் உள்ள தண்டர்பேர்டை ஒழுங்கு செய்தேன். இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இப்போது பெரும்பாலும் ஐமேப் முறை. கம்ப்யூட்டரில் நீக்கினால் சர்வரிலும் போகும், போனிலும் போகும். ஜிமெயிலின் குப்பைப் பெட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் இல்லை. இன்னொன்று, பழைய கணக்கு ஒன்றைத் தண்டர்பேர்டிலிருந்து எடுக்கும்போது, கணக்கை மட்டும் நீக்கவா, கடிதங்களையும் சேர்த்து நீக்கவா என்று தனித்தனிக் கட்டங்களாகக் கேட்கும். இரண்டாவதில் டிக் போடுமுன் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தண்டர்பேர்டிலும் 'கம்பாக்ட்' உண்டு. நீக்கியது வேண்டும் என்று தோன்றினால் முதலில் அந்தப் பக்கமே போகாதீர்கள், மென்பொருளை மூடிவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

தம்பி மகள் அனுப்பிய அன்றே எல்லாவற்றையும் படித்துவிட்டாள். இரவு பத்தரை மணிக்குப் போன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பெரியப்பா, கடைசி மெயில்ல நீங்க அப்பாவ ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. அதுக்கு அப்பா என்ன பதில் போட்டாரு?"

அதுதான் நான் திறக்காத கடிதம். அதற்கு நான் பதில் எழுதவில்லை, அதனால் அது எந்தப் பதிலுக்குக் கீழேயும் இல்லை. துண்டுகளில் தேடினோம். ஆங்கில எழுத்துத் தமிழில் ஒரே ஒரு துண்டு அதுவாக இருக்கலாம் என்று கடைக்காரன் சொல்கிறான், தேதி ஒட்டியிருப்பதை வைத்து. "நாலு மாசமா சம்பளம் வரல அண்ணே, வீட்ல யாருக்கும் சொல்லல, உங்களுக்கு மட்டும்" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு யாருடைய கல்யாண அழைப்பிதழோ தொடங்கிவிடுகிறது.

இதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. "அம்மாவுக்கும் இது தெரியாது பெரியப்பா" என்றாள்.

இனி உதவி. 2002இலிருந்து 2010 வரை அவன் மஸ்கட்டில் இருந்தான். உங்களில் நாலைந்து பேருக்கு அங்கே வேலைக்கு வழி சொல்லி எழுதியிருக்கிறான். உறவில் பலருக்கும் எழுதியிருக்கிறான். பழைய யாஹூ, ஹாட்மெயில், ரீடிஃப் எதுவாக இருந்தாலும் கடவுச்சொல் நினைவிருந்தால் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். இன்பாக்ஸில் இல்லையென்றால் நீங்கள் அனுப்பியவற்றைப் பாருங்கள், கீழே இருப்பான். முக்கியமாக 2006 ஏப்ரல், மே, ஜூன். யாரிடமாவது அந்தச் சம்பள விஷயம் சொல்லியிருந்தால் எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். பரணில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் ஆன் செய்ய வேண்டாம், அப்படியே எடுத்து வாருங்கள். பெரம்பலூர் வரை நான் சுமந்து போகிறேன்.