முப்பது அங்குலம்

விமானத்தில் ஏறியவர் அனைவரும் ஒரே நேரத்தில் மேலே எழுகிறோம். ஒரே நேரத்தில் கீழே இறங்குகிறோம். முன்வரிசையில் இருப்பவர் நம்மைவிட ஐம்பது அடி முன்னதாகச் சென்னையை அடைகிறார் என்பது வேண்டுமானால் உண்மை. அப்படியிருக்க, அவர் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவதுதான் என்ன? பௌதிகம் படிப்பவன் ஆகையால் எனக்கு இதை அளந்து பார்க்கத் தோன்றியது.

முதலில் காற்று. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையாதபடி வைத்திருக்கிறார்கள். உதகை நகருக்குச் சற்று மேலே, தொட்டபெட்டா உச்சிக்குச் சற்றுக் கீழே என்று கொள்ளுங்கள். திரைக்கு முன்னும் இதே அழுத்தம்; பின்னும் இதே அழுத்தம். காதடைப்பதில் வகுப்பு வேற்றுமை இல்லை.

விற்கப்படுவது தரைதான். நம் நாட்டிற்குள் பறக்கும், ஒரே நடைவழி உள்ள விமானத்தில் வணிக வகுப்பில் வரிசைக்கு நால்வர். சிக்கன வகுப்பில் அறுவர். ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடையே பின்னால் சுமார் 30 அங்குலம். முன்னால் 40 அங்குலத்தை ஒட்டி. பெருக்கிப் பாருங்கள், முன்னால் இருப்பவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு தரை கிடைக்கிறது. உணவும் புன்னகையும் அதனோடு வருபவை.

இந்த நெருக்கத்தை முழுதும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. 1952இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் சுற்றுலா வகுப்பு வந்தது. 1958இல் அதனினும் மலிவான சிக்கன வகுப்பு வந்தது. இருக்கைகளை நெருக்கியதால் அல்லவா எங்களைப் போன்றோரும் ஏற முடிந்தது! ஆனால் அந்த இடத்தை யாருக்கு அளிப்பது என்பதில்தான் வேடிக்கை. நடுவண் அரசு 2017இல் வகுத்த பயண விதியில், ஊதிய நிலை 14உம் அதற்கு மேலும் உள்ளவர்க்கு வணிக வகுப்பு. 9 முதல் 13 வரை சிக்கன வகுப்பு. அதற்குக் கீழே பொதுவாக ரயில். முழங்கால் எப்படி இருக்கிறது என்று எந்த நிலையிலும் கேட்கவில்லை.

நான் கேட்பது என் அம்மாவின் முழங்காலைப் பற்றி. தில்லிக்கு வந்த பின் இருபது ஆண்டுகள் பிறர் வீட்டுத் தரைகளைக் குந்தியிருந்து துடைத்த கால்கள் அவை. அறுவை செய்துகொள்ள, மாமா இருக்கும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. ரயிலில் ஏறத்தாழ 33 மணி நேரம். ஆடும் பெட்டியில் கழிப்பறை வரை நடக்க அம்மாவால் ஆகாது. விமானத்தில் மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் என்று சீட்டு வாங்கினேன். முன்வரிசைகளைக் கடக்கையில் அம்மா நின்று பார்த்தார்கள். பொறாமை ஒன்றும் இல்லை. "இப்படி இடம் விட்டுப் போட்டிருந்தா கூட்டித் துடைக்க எவ்வளவு சுளுவா இருக்கும், பாருடா" என்றார்கள்.

எங்கள் வரிசையில் அந்தக் கால் மடங்கவில்லை. அவசர வழியை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் இருந்தது. ஓர் இருக்கை காலியாகவும் இருந்தது. பணிப்பெண்ணைக் கேட்டேன். அவர் பணிவாக மறுத்தார். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து பிறருக்கு வழிவிட வல்லவர்தான் அங்கே அமரலாமாம். விதியில் குறையில்லை; உயிர் காக்கும் விதி. எனினும், சிக்கன வகுப்பில் கால் நீட்டத்தக்க அந்த வரிசை நல்ல கால் உள்ளவர்க்கு மட்டுமே என்றால் நோவுற்ற கால் எங்கே போவது? நடைவழியில் நீட்டினார்கள் அம்மா. தள்ளுவண்டி வரும்போதெல்லாம் இரு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். நான்கு முறை வண்டி வந்தது.

அறுவை நன்றாக முடிந்தது. அடுத்த மாதம் அம்மாவை அழைத்துவர வேண்டும். வணிக வகுப்பின் விலையைப் பார்த்தேன். என் நான்கு மாத உதவித்தொகை. திரைக்கு அடுத்தாற்போல், தடுப்பை ஒட்டிய முதல் வரிசை ஒன்று உண்டு. அது அவசர வழியன்று. ஆகையால் அம்மா அமரலாம். அதற்குத் தனிக் கட்டணம். மாலையில் இரு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பணத்தில் அதை வாங்கியிருக்கிறேன். எவ்வளவு என்று அம்மா தொலைபேசியில் கேட்டார்கள். எல்லா இடமும் ஒரே விலைதான் என்று சொல்லிவிட்டேன்.