சுமந்தவள் கணக்கு சுழி

இயற்பியலுக்குச் சாதி உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். நியூட்டனின் விதி அக்கிரகாரத்தில் ஒரு மாதிரியும் சேரியில் ஒரு மாதிரியும் நடக்காது. கல்லை யார் எறிந்தாலும் கீழேதான் விழும். சரி. நான் விதியைப் பற்றிப் பேச வரவில்லை. விதிக்குக் கொடுக்கிற உதாரணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பள்ளிக்கூடத்தில் விதி ஒரு வரிதான். மீதி நாற்பது நிமிஷமும் உதாரணம்தான்.

நிலைமம் என்றால் கம்பளத்தைக் குச்சியால் தட்டுகிறார்கள், தூசி பறக்கிறது. விசையின் திசை என்றால் புல்வெளியில் உருளையை இழுப்பது சுலபமா, தள்ளுவது சுலபமா என்று கேள்வி. உந்தம் என்றால் கிரிக்கெட் வீரர் கையைப் பின்னுக்கு இழுத்துப் பந்தைப் பிடிக்கிறார். மூன்றாம் விதிக்குத் துப்பாக்கியும் ராக்கெட்டும். எங்க காலனியில் கம்பளம் விரித்த வீடு எது? புல்வெளி எங்கே இருக்கிறது? பாயை உதறினாலும் தூசி பறக்கும்தானே? கடப்பாரையால் கல்லை நெம்புகிறவன், மூட்டையைப் பலகை போட்டு லாரியில் ஏற்றுகிறவன், ஏற்றத்தின் மேல் ஏறி இறங்கி நடந்தே தண்ணீர் இறைத்த தாத்தா, இவர்கள் யாரும் அந்தப் பக்கங்களில் இல்லை. விசையையும் ஆற்றலையும் உடம்பாலேயே படித்த ஜனம் புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது.

இல்லை, ஒரே ஒரு இடத்தில் உள்ளே விட்டிருக்கிறார்கள். 'வேலை' என்ற பாடத்தில். தலையில் சுமையோடு சமதளத்தில் நடந்துபோகிற ஒருவர் செய்யும் வேலை எவ்வளவு? விடை: சுழி.

மாலை வகுப்பில் இந்த இடம் வந்தபோது எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று கேட்டது: "ஏங்க்கா, எங்கம்மா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் செங்கல்லு சுமக்குது. ராத்திரி கழுத்த திருப்ப முடியல, தைலம் தேச்சிவுடுறேன். அது வேலையே இல்லியா?" மற்றதுகள் சிரிக்கவில்லை. அதில் பாதிப் பேருக்கு அம்மா சித்தாள்.

நான் தமிழ் எம்.ஏ. பிசிக்ஸ் நடத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி சயின்ஸ் குரூப் கேட்டு நின்றபோது, "உங்க ஆளுங்களுக்கு எதுக்கும்மா கணக்கு, தமிழ் எடு, சுலபமா பாஸாயிடலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பள்ளியில் ஆய்வகத்துக்குள் நான் போயிருக்கிறேன். பெருக்கப் போனேன். கண்ணாடி அலமாரிக்குள் சுருள்வில் தராசும் கப்பியும் இருந்தன. அலமாரியைத் துடைக்கலாம், உள்ளே இருப்பதை எடுக்கக் கூடாது. தமிழை நான் நேசித்துத்தான் படித்தேன், அதில் குறையில்லை. ஆனால் அது நான் எடுத்த முடிவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எங்க காலனி மாலை வகுப்பில் தமிழுக்கு ஒருத்தி, கணக்குக்கு ஒருத்தர் என்று பிரித்துக்கொள்ள ஆளில்லை. இருக்கிறவள்தான் எல்லாம் நடத்த வேண்டும்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். இயற்பியலில் வேலை என்றால், விசையையும் அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது. சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. சுமை பக்கவாட்டில் போகிறது. மேல்நோக்கி அது நகரவேயில்லை. ஆகவே சுழி. இது சரிதான், பொய்யில்லை. ஆனால் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். சுமை *மீது* செய்யப்பட்ட வேலை சுழி. அதாவது, இங்கிருந்து அங்கே போனதால் செங்கல்லுக்குப் புதிதாக ஆற்றல் ஒன்றும் சேரவில்லை. செங்கல்லின் கணக்கு அது. சுமந்தவளின் கணக்கு வேறே.

சுமந்தவள் உடம்பில் என்ன நடக்கிறது? மேசை செங்கல்லைத் தாங்க ஆற்றல் வேண்டியதில்லை, வருஷக்கணக்கில் சும்மா தாங்கும். தசை அப்படித் தாங்காது. அதன் நார்கள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தளர்ந்தால் திரும்ப இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சாப்பிட்ட சோறு எரிகிறது. அந்த ஆற்றல் சுமைக்குப் போகாமல் சூடாகி வேர்வையாக வெளியே வருகிறது. போதாததற்கு, நடக்கிறவரின் உடம்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, கூடவே சுமையும். அசல் வாழ்க்கையில் அந்தச் சுழிகூட சுத்தமான சுழியில்லை. இவ்வளவையும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் பிள்ளை மனசில் நிற்பது ஒன்றுதான்: அம்மா செய்தது வேலையே இல்லை என்று அறிவியலே சொல்லிவிட்டது.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் படித்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பல ஆண்டுகள் ஒரு கணக்கு இருந்தது. சுமை தூக்குகிறவர் 15 கிலோ பெட்டியைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தலைமேல் வைக்கிறார், வேலை எவ்வளவு? 225 ஜூல். அதற்கப்புறம் அவர் பிளாட்பாரம் முழுக்க நடப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரில் இதைச் சொன்னால் "அப்ப தூக்கறதுக்கு மட்டும் காசு குடுத்தா போதுமா" என்பார்கள். (தமிழில் கூலி என்பது வாங்குகிற காசு. ஆங்கிலத்தில் அதே ஓசையில் ஆளையே குறிக்கும் வசைச்சொல் ஒன்று இருக்கிறது. நம்ம சொல்தான் அங்கே போனது என்று பலர் சொல்வதுண்டு.)

கணக்கு என்று இறங்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருநாள் பிள்ளைகளையே போடச் சொன்னேன். செங்கல் ஒன்று 2.5 கிலோ, எட்டுக் கல் 20 கிலோ. இரண்டு மாடி ஏறினால் 6 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 1200 ஜூல். நாளைக்கு 60 நடை. 72,000 ஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஒருநாள் முழுக்கச் செங்கல் ஏற்றிய வேலை ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. போட்டு முடித்ததும் வகுப்பே திகைத்துவிட்டது. "அப்ப எங்கம்மா கூலி சில்லறக் காசுதானாக்கா?"

மேஸ்திரிக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சொன்னேன். மேலே போனது செங்கல் மட்டுமா? 45 கிலோ உடம்பும் ஏறியது. அதற்கு ஒரு நடைக்கு 2700 ஜூல். அறுபது நடைக்கு இரண்டும் சேர்த்து 2,34,000 ஜூல், உணவுக் கணக்கில் சுமார் 56 கிலோ கலோரி. தசை எரிப்பதில் நன்றாக வேலை செய்தாலும் கால்வாசிதான் வெளிவேலையாக மாறும், மீதி சூடாகிப்போகும். ஆக ஏறுவதற்கு மட்டும் 220 கிலோ கலோரிக்கு மேலே எரிக்க வேண்டும். இறங்குவதற்கு? இறங்கும்போது முட்டிதான் பிரேக். அந்தத் தேய்மானத்தை எந்த ஜூலும் அளக்காது. வெயிலை அளக்காது. ஜூல் ஒரு அளவுகோல், அவ்வளவுதான். மரக்காலை வைத்துத் துணி அளக்க முடியாது. கூலி எவ்வளவு என்பது ஜூலில் முடிவாவதில்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 பேரை எரித்தார்களே, அந்தச் சண்டை எந்த அலகில் நடந்தது என்று கேட்டேன். பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போகும்போது எனக்கே ஆச்சரியமான ஒரு விஷயம் கிடைத்தது. மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த பிரெஞ்சுக்காரர் கூலூம், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களின் தினசரி உழைப்பை அளந்தவர். படியேறும் ஆள் எவ்வளவு செய்வான், சுமையோடு ஏறினால் எவ்வளவு, எவ்வளவு சுமை வைத்தால் ஒருநாளில் அதிகபட்சம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். 1829-ல் கொரியாலிஸ் இயந்திரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் 'வேலை' என்ற சொல்லை விசையும் தூரமும் சேர்ந்த அளவுக்குப் பெயராக வைத்தார். அவர் எடுத்தது கூலிவேலையைக் குறிக்கிற சாதாரண பிரெஞ்சுச் சொல். ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரம் விற்பதற்காகக் குதிரையோடு ஒப்பிட்டதில் பிறந்தது குதிரைத் திறன், இன்றைக்கு 746 வாட். ஆக வேலை, திறன் என்ற பாடங்கள் சுமைதூக்கிகளையும் குதிரைகளையும் பார்த்து உண்டானவை. குதிரைக்கு ஒரு அலகு மிஞ்சியது. நாளெல்லாம் உழைக்கும் மனிதனால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு, 75 வாட் போலத் தரமுடியும். அவனுக்கு அலகு இல்லை, சுழிதான் மிஞ்சியது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு 'வேலை' நடத்தினால் பிள்ளைகள் பாடத்தை வேறு மாதிரி கேட்கிறார்கள்.

கலைச்சொல்லைப் பற்றித் தமிழ் படித்தவள் என்ற முறையில் கொஞ்சம். தமிழில் பிசிக்ஸ் படித்தால் புரியாது என்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 'முடுக்கம்' என்று எழுதிப்போட்டால் பயப்படுகிற பிள்ளை, "மாட்டை முடுக்குடா" என்று தினமும் கத்துகிறது. முடுக்கினால் என்ன ஆகும்? வேகம் கூடும். அவ்வளவுதான் முடுக்கம். நெம்புகோல், உந்தம், இழுவிசை எல்லாம் நம்ம வாயில் இருக்கிற நெம்பு, உந்து, இழு. பறையைத் தீயில் காட்டினால் ஈரம் போய்த் தோல் விறைக்கிறது, இழுவிசை கூடுகிறது, ஓசை ஏறுகிறது. எங்க பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பெயரைத்தான் சொல்ல வேண்டும். கப்பிதான் தகராறு. கிணற்று ராட்டினத்தை உதாரணம் காட்டுகிறது புத்தகம். எந்தக் கிணறு? ஊர்க் கிணற்று ராட்டினத்தை எங்க பாட்டிமார் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. எங்களுக்குக் கிடைத்தது அடிபம்பு. அதனால் நான் அடிபம்பில் ஆரம்பிக்கிறேன். கைப்பிடியின் நுனியைப் பிடித்து அடி, பிறகு கிட்டத்தில் பிடித்து அடி. எது லேசு? ஏன் லேசு? நூலால் இரண்டு பக்கத்தையும் அளந்து வந்துவிட்டார்கள், நெம்புகோல் பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இயக்கம் பாடத்தில் ஒரு கேள்வி வரும்: சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் ஏன் நிற்கிறது? விடை உராய்வு. எங்க அப்பா காலத்தில் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிள் தானாக நின்றுவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்கு உராய்வுக் கெழு எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் கல் உடைக்கிற பெண்களெல்லாம் சைக்கிளேறினார்கள். இயக்கம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

தேரும் அப்படித்தான். நின்ற தேரைக் கிளப்புவதுதான் கஷ்டம், ஓட ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு விசை வேண்டாம். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம். எத்தனை கை வடத்தைப் பிடிக்கிறதோ அத்தனை விசையும் கூடும். இது ஐந்தாங்கிளாஸ் பிள்ளைக்கும் புரிகிற கூட்டல். ஆனால் சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டதில் 1990களின் இறுதியில் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு பல ஆண்டுகள் தேர் நிலையிலேயே நின்றது, 2024 ஜூனில்தான் ஓடியது. நிலைமத்துக்கு இதை உதாரணம் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஒன்று மட்டும் நம்ம தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். மேடையில் ஏறினால் நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. அடித்தால் திருப்பி அடி விழும் என்று நியூட்டனே சொல்லிவிட்டார் என்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விசையும் எதிர்விசையும் ஒரே நேரத்தில், இரண்டு வேறு பொருள்கள் மீது செயல்படுகின்றன. சுவரை நான் தள்ளினால் அந்தக் கணமே சுவர் என்னைத் தள்ளுகிறது. அதில் பழிவாங்கலும் இல்லை, நியாயமும் இல்லை. கைதட்டலுக்கு ஆகும், பரீட்சையில் இப்படி எழுதினால் நம்ம பிள்ளைக்குத்தான் மார்க் போகும். திருப்பி அடிப்பதற்கு நியூட்டனின் அனுமதி எதற்கு?

நிலையாற்றலுக்குக் காலனித் தண்ணீர்த் தொட்டியை எடுத்தோம். 10,000 லிட்டர் தொட்டி, 10 மீட்டர் உயரம். 10,000 கிலோ தண்ணீர், 10 லட்சம் ஜூல். மோட்டார் போட்டு ஏற்றிய ஆற்றல்தான் மேலே உட்கார்ந்திருக்கிறது, குழாயைத் திறந்தால் வேகமாக வருகிறது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பையன் வேங்கைவயலைக் கேட்டான். 2022 டிசம்பரில் அங்கே தலித் குடியிருப்பின் தொட்டியில் மலத்தைக் கலந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. "கலந்தவன் ஏணி ஏறினான்ல, அவன் செஞ்ச வேலை எவ்ளோக்கா?" 60 கிலோ ஆள், 10 மீட்டர் என்று அவர்களே வைத்துக்கொண்டு போட்டார்கள். 6000 ஜூல். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை. அலகு எழுத மறந்தவர்களை மட்டும் எழுதச் சொன்னேன்.

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்று அந்தச் செங்கல் பிள்ளை கேட்டது. "சுமை மீது செய்யப்பட்ட வேலை சுழி" என்று எழுதச் சொன்னேன். 'சுமை மீது' என்பதை விடக் கூடாது. திருத்துகிறவர் மார்க்கைக் குறைக்க முடியாது, ஏனென்றால் அது இன்னும் சரியான விடை.

இப்போது திறன் பாடம். ஏறுகிற நேரத்தை அளக்க செல்போன் போதும். விசையை அளக்கத்தான் வழியில்லை. சுருள்வில் தராசு இரண்டு வாங்க வேண்டும், பழைய இரும்புக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள், உங்கள் பிள்ளைகள் விசைக்கும் வேலைக்கும் சொல்கிற உதாரணங்களை எழுதி அனுப்புங்கள். செருப்புத் தைக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர், உப்பளத்தில் நிற்கிறவர் வீட்டுப் பிள்ளைகளுடையது முதலில் வேண்டும்.